பாதித் தீர்ப்பை வைத்து ஒரு முழு வாதம்

இணையத்தில் வயது நிரம்பாத பிள்ளைகளைப் பாலுறவுக்கு அழைப்பவர்களைத் தண்டிக்கும் அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பேச்சைக் குற்றமாக்குகின்றன. மனதில் ஓடும் எண்ணத்துக்குத் தண்டனை கொடுக்கின்றன. இல்லாத குழந்தையைக் காட்டி இருக்கிற மனிதனைச் சிறைக்கு அனுப்புகின்றன. ஆகவே அவை மொத்தமாக ஒழியவேண்டும். சென்ற இதழில் வந்த அந்த நீண்ட கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். சொல்லப்பட்ட விதத்தில் கம்பீரம் இருந்தது, மேற்கோள் காட்டப்பட்ட வழக்கின் பெயர் வாசகரை மிரட்டுவதற்குப் போதுமானதாகவும் இருந்தது. ஆனால் அந்த வழக்கின் தீர்ப்பைக் கையில் எடுத்துப் படித்தவர் எவரும் அந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது. படித்துவிட்டும் எழுதியிருந்தால் அது இன்னும் மோசமான காரியம்.

அவருடைய தலைமைச் சாட்சி டெக்சாஸின் லோ வழக்கு. டெக்சாஸில் குற்ற வழக்குகளுக்கு இறுதிச் சொல் அங்குள்ள குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துடையது. மாநில உச்ச நீதிமன்றம் சிவில் வழக்குகளை மட்டுமே பார்க்கும். அந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 அக்டோபர் 30 அன்று, மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 33.021-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. நீதிபதி கேத்தி காக்ரன் எழுதிய தீர்ப்பு. பாலுணர்வைத் தூண்டும் நோக்கத்தோடு ஒரு மைனருடன் வெளிப்படையான பாலியல் விஷயங்களைப் பேசினாலே குற்றம் என்றது அந்த உட்பிரிவு. அப்படிப் பார்த்தால் ‘லோலிட்டா’வும் ஷேக்ஸ்பியரின் ‘ட்ராய்லஸ் அண்ட் க்ரெசிடா’வும் வீனஸ் சிலையும்கூட இந்த வலைக்குள் விழுந்துவிடும் என்று நீதிமன்றம் வரிசையாக எடுத்துக்காட்டியது. இதுவரை நம் கட்டுரையாளர் சொல்வது சரி. நீதிமன்றம் செய்ததும் சரி. அந்த உட்பிரிவு சோம்பேறித்தனமாக எழுதப்பட்டது, போகவேண்டியது, போயிற்று.

ஆனால் 33.021-இல் இன்னோர் உட்பிரிவு இருக்கிறதே, அதை ஏன் அவர் தொடவேயில்லை? மைனர் ஒருவரைப் பாலுறவு கொள்ளும் எண்ணத்தோடு நேரில் சந்திக்கவரும்படி அழைப்பதைக் குற்றமாக்கும் உட்பிரிவு அது. இரண்டாம் நிலைப் பெருங்குற்றம். இரண்டு முதல் இருபது ஆண்டுவரை சிறை. கட்டுரையாளர் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் அதே லோ தீர்ப்பு, இந்த அழைப்புப் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டுதான் மற்றதை வெட்டியது: இங்கே குற்றத்தின் உயிர்நாடி சட்டவிரோதமான ஒரு செயலுக்குக் குழந்தையை அழைப்பது, அது பேச்சுரிமையின் காப்புக்குள் வராது, நாடெங்கும் இத்தகைய அழைப்புச் சட்டங்கள் நீதிமன்றங்களில் நிலைத்திருக்கின்றன என்று அது விளக்குகிறது. செல்லாததாக்கிய உட்பிரிவு தடுப்பவை எல்லாம், ஒன்று ஏற்கெனவே வேறு சட்டங்களால் தடுக்கப்பட்டவை, அல்லது அரசியல் சாசனத்தால் காக்கப்பட்டவை என்பதுதான் நீதிபதிகளின் வாதத்தின் முதுகெலும்பு. ‘வேறு சட்டங்கள்’ என்ற அந்தப் பட்டியலில் எது இருக்கிறது? மைனரை அழைக்கும் குற்றம் இருக்கிறது. அதாவது கட்டுரையாளர் ஒழிக்க நினைக்கும் சட்டம் நிலைத்து நிற்கிறது என்ற ஆதாரத்தின் மேல்தான் அவர் கொண்டாடும் தீர்ப்பே கட்டப்பட்டிருக்கிறது. தன் சாட்சி தனக்கு எதிராகவே கூண்டில் நின்று பேசுவதைக் கேட்காமல் அவரை நோக்கிக் கைதட்டும் வழக்கறிஞரை என்னவென்று சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று ஊரில் சொல்வார்கள்.

அவருடைய டெக்சாஸ் கதை 2013-ஓடு நின்றுவிடுகிறது என்பதையும் வாசகர் கவனித்திருப்பார். ஏன் நின்றது? 2015-இல் டெக்சாஸ் சட்டமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. செப்டம்பர் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில், எதிரே இருப்பவர் தன்னைப் பதினேழு வயதுக்குட்பட்டவர் என்று சொல்லிக்கொண்டாலே போதும், அவர் ‘மைனர்’. கேட்பவர் அதை நம்பினாரா இல்லையா என்ற கேள்வி இல்லை. ‘நான் சந்திக்கவே நினைக்கவில்லை’, ‘நான் கற்பனையில் திளைத்திருந்தேன்’ என்ற இரண்டு எதிர்வாதங்களுக்கும் பழைய சட்டம் கதவடைத்திருந்தது. அது அநியாயம்தான். இரண்டு பெரியவர்கள் வேஷம் கட்டி விளையாடினாலும் மாட்டிக்கொள்ளும் அபாயம் அதில் இருந்தது. 2015-இன் திருத்தம் அந்த இரண்டு அடைப்புகளையும் நீக்கியது. மைனர் என்றால் உண்மையில் பதினேழுக்குட்பட்டவர், அல்லது குற்றம்சாட்டப்பட்டவர் அப்படி நம்பியவர் என்று வரையறையை மாற்றியது. நீதிமன்றம் வெட்டிய வெளிப்படைப் பேச்சு உட்பிரிவைக்கூட, குறிப்பிட்ட பாலியல் குற்றங்களைச் செய்யும் நோக்கம் இருந்தால் மட்டுமே குற்றம் என்று குறுக்கி எழுதியது. 2017-இல் இங்க்ரம் வழக்கில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், திருத்தத்துக்கு முந்தைய அழைப்புப் பிரிவைக்கூடச் செல்லும் என்று நிலைநிறுத்தியது. ஒரு மோசமான சட்டத்தை நீதிமன்றம் கண்டித்தது, சட்டமன்றம் கேட்டுத் திருத்தியது, மிஞ்சியது நிலைத்தது: குடியாட்சியில் சட்டம் செம்மைப்படுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை. இதைச் சொல்லியிருந்தால் கட்டுரை மூன்றாம் பத்தியில் முடிந்திருக்கும். அதனால் சொல்லவில்லை.

அடுத்தது, ‘வெறும் பேச்சு’ என்ற பல்லவி. லஞ்சம் கேட்பது பேச்சுதான். கூலிக்கு ஆளை வைத்துக் கொலைசெய்யச் சொல்வது பேச்சுதான். பொய்ச் சாட்சி முழுக்க முழுக்கப் பேச்சு. இவற்றை எந்தச் சுதந்திரவாதியும் பேச்சுரிமை என்று சொன்னதாக நான் அறியேன். மிசௌரி மாநிலத்து ஐஸ் வியாபாரிகள் சங்கம், சட்டவிரோதமான வணிகக் கட்டுப்பாட்டை வற்புறுத்த மறியல் செய்ததை வைத்து 1949-இல் கிபோனி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன நியாயமும் இதுவே: குற்றச் செயலோடு பின்னிப்பிணைந்த பேச்சு, பேச்சு என்பதாலேயே தப்பிவிடாது. 2008-இல் வில்லியம்ஸ் வழக்கில் நீதிபதி ஸ்கலியா எழுதிய தீர்ப்பு, சட்டவிரோதமான பரிமாற்றத்துக்கான அழைப்பும் கோரிக்கையும், பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தின் காப்புக்கு முற்றிலும் வெளியே நிற்பவை என்று சொன்னது. பரிமாறப்படுவதாகச் சொல்லப்பட்ட பொருள் உண்மையில் இல்லாவிட்டாலும் அப்படித்தான் என்றும் சொன்னது. முதல் திருத்தத்தின் பேரால் பத்துப் பத்தி எழுதியவர் இந்த இரண்டு வழக்குகளையும் கேள்விப்பட்டதில்லை என்றால் அவருக்கு அந்தத் தலைப்பில் எழுத உரிமை இருக்கிறது, தகுதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இல்லாத குழந்தை என்ற வாதம் நம் ஊர் சட்டக்கல்லூரி மாணவன் முதல் ஆண்டிலேயே சிரித்துத் தள்ளிவிடக்கூடியது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் முயற்சியைத் தண்டிக்கும் 511-ஆம் பிரிவின்கீழ் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது: ஒருவன் இன்னொருவன் பையில் கைவிடுகிறான், பை காலி, ஆனாலும் அவன் குற்றவாளி. பணம் இல்லாதது திருடவந்தவனுடைய நற்குணத்தைக் காட்டவில்லை. சாட்டில் பதிமூன்று வயதுச் சிறுமி என்று நம்பி ஹோட்டல் அறை பதிவுசெய்து வண்டியோட்டி வந்தவன், கதவைத் திறந்தபோது போலீஸ்காரர் நின்றார் என்பதால் அவனுடைய நம்பிக்கை எந்த விதத்தில் மாறிவிட்டது?

இங்கே கட்டுரையாளரின் உள்முரண் பல்லைக் காட்டுகிறது. முதல் பாதியில், சிறுமி வேஷம் போட்ட போலீஸ்காரரிடம் ஏமாந்த அப்பாவிகளுக்காக அவர் உருகுகிறார்: பாவம், அவர்கள் எப்படி அறிவார்கள், அத்தனை நம்பும்படியாக நடித்தார்களே என்கிறார். பின்பாதியில், இணையத்தில் எல்லோருக்கும் தெரியும் எதிரே இருப்பது கிழவனோ போலீஸோ என்று, யாரும் எதையும் நம்புவதில்லை, எல்லாம் கற்பனை விளையாட்டு என்கிறார். நம்பினார்களா, நம்பவில்லையா? நம்பினார்கள் என்றால், எதிரே குழந்தை இருப்பதாக நம்பிக்கொண்டே அழைத்திருக்கிறார்கள். அதைத்தான் சட்டம் தண்டிக்கிறது. நம்பவில்லை என்றால், 2015-க்குப் பிறகான டெக்சாஸ் சட்டம் அவர்களைத் தொடாது. அவர்கள் ஜூரி முன் போய் அதைச் சொல்லிக்கொள்ளலாம். சிலர் சொல்லியும் இருக்கிறார்கள். 1999-இல் இன்ஃபோசீக் நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர், பதிமூன்று வயதுச் சிறுமியாக நடித்த எஃப்.பி.ஐ. அதிகாரியைச் சந்திக்கச் சாண்டா மோனிகா கடற்பாலத்துக்கு வந்து கைதானார். அது மாநில வழக்கல்ல, மத்திய வழக்கு. கற்பனை விளையாட்டு என்ற வாதத்தை அவர் வைத்தார். அழைப்புக் குற்றத்தில் ஜூரி ஒருமனதான முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. அடுத்த ஆண்டு அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது கதையின் மறுபாதி. எண்ணத்தைத் தண்டிக்கும் கொடுங்கோல் என்று வர்ணிக்கப்படும் ஏற்பாட்டுக்குள், மனதில் என்ன இருந்தது என்பதைப் பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் உட்கார்ந்து வாதாடித் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இதற்குமேல் என்ன பாதுகாப்பு வேண்டும்?

போலீஸ் பொறி விஷயத்தில் அவர் சொல்வதில் ஓரளவு சரக்கு இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். அரசே குற்றத்தை விதைத்து அரசே அறுவடை செய்யக்கூடாது. இதைச் சொல்ல அவர் தேவையில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல் ஜேக்கப்சன் வழக்கில் சொல்லிவிட்டது. நெப்ராஸ்கா விவசாயி ஒருவருக்கு அரசாங்க அமைப்புகள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, கற்பனைச் சங்கங்களின் பேரால் கடிதம் எழுதி எழுதிக் குழந்தைகளின் ஆபாசப் பத்திரிகையை வாங்கவைத்தன, தண்டனை ரத்தானது. இணையத்தில் இதற்கு நேர் உதாரணம் 2000-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த போல்மன் வழக்கு. வயதுவந்த துணையைத் தேடிய ஒரு மனிதரை, மூன்று குழந்தைகளின் தாயாக நடித்த அதிகாரி மாதக்கணக்கில் நச்சரித்து, என் பிள்ளைகளுக்குப் பாலியல் ஆசிரியராக வா என்று இழுத்தார். பத்தாண்டுத் தண்டனை கிடைத்த அந்த மனிதரை மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. முதலில் யார் தொடங்கினார்கள், யார் தயங்கினார்கள், யார் விடாமல் தள்ளினார்கள் என்று ஒவ்வொரு செய்தியாகப் பிரித்துப் பார்த்தே நீதிமன்றம் அந்த முடிவுக்கு வந்தது. சாட் வழக்குகளில் இதற்குத் தனி வசதி உண்டு: முழு உரையாடலும் எழுத்தில் கிடக்கிறது. வேறெந்தக் குற்றத்தில் குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தன் நிரபராதித்தனத்தை வரிக்குவரி காட்ட இப்படி ஓர் ஆவணம் கிடைக்கும்?

சாட்டில் பிள்ளைகளாக நடித்து ஆண்களை வரவழைத்துப் படம்பிடித்த என்.பி.சி. தொலைக்காட்சியின் ‘டு கேட்ச் எ ப்ரிடேட்டர்’ நிகழ்ச்சியை அவர் தன் தரப்புக்கு இழுத்திருக்கிறார். 2006 நவம்பரில் டெக்சாஸின் மர்ஃபி ஊரில் நடந்த படப்பிடிப்பின்போது, போலீஸும் கேமராவும் தன் வீட்டு வாசலுக்கு வந்த நேரத்தில், அந்தச் சாட்டில் சிக்கியிருந்த ஓர் உதவி அரசு வழக்கறிஞர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அருவருப்பான அத்தியாயம், மனிதனை வேட்டையாடி விளம்பர இடைவேளைக்கு விற்றார்கள். இதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் அதன் முடிவை அவர் ஏன் விழுங்கினார்? அந்தப் படப்பிடிப்பில் கைதான இருபதுக்கும் மேற்பட்டவர்கள்மீது வழக்குத் தொடர முடியாது என்று காலின் மாவட்ட அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார். தனியார் குழுவும் தொலைக்காட்சியும் சேர்ந்து நடத்திய கூத்தைச் சட்டமே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது. தொலைக்காட்சியின் பாவத்தைச் சட்டத்தின் தலையில் கட்டுவது எந்த ஊர் தர்க்கம்?

இனி நான் இந்த எதிர்வினையை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன பிழைகளெல்லாம் அலட்சியத்தால் வந்தவை என்று விட்டுவிடலாம். அவருடைய கட்டுரையின் இறுதிப் பகுதியில் வருவது அலட்சியம் அல்ல.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் வோலக், டேவிட் ஃபின்கெல்ஹார் ஆகியோர் சகாக்களுடன் 2008-இல் ‘அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்’ இதழில் எழுதிய ஆய்வை அவர் எடுத்துக்கொள்கிறார். இணையத்தில் தொடங்கிய பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களில் 99 சதவீதம் பேர் 13 முதல் 17 வயதுக்காரர்கள் என்று அது கண்டது. தன்னைப் பதின்வயதுக்காரன் என்று பொய்சொன்ன குற்றவாளிகள் 5 சதவீதம்தான் என்றும் கண்டது. சின்னப் பையனாக வேஷம்போட்டுப் பிஞ்சுக் குழந்தையைக் கடத்திச்செல்லும் அந்நியன் என்ற பொதுப்பயம் தவறானது. பெரும்பாலான ஆண்கள் தாங்கள் வயதுவந்தவர்கள் என்பதை மறைக்கவில்லை, பாலுறவில் விருப்பம் இருப்பதையும் மறைக்கவில்லை. பிள்ளைகள் தெரிந்தே போனார்கள், பலர் மறுபடியும் போனார்கள். இவ்வளவும் உண்மை. இதிலிருந்து நம் கட்டுரையாளர் எடுக்கும் முடிவு: ஆகவே அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர், விரும்பிப் போனவர்கள், எனவே இந்தச் சட்டங்கள் இல்லாத ஆபத்துக்கு எதிரானவை.

ஒரே ஆய்வைப் படித்து இருவர் எதிரெதிர்த் திசையில் போகலாம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் தனிமையைப் படித்துவிட்டு அதிலிருந்து முப்பது வயது ஆணின் விடுதலையை எடுக்க ஒரு தனி மனத்திண்மை வேண்டும். ‘விரும்பிப் போனாள்’ என்பதுதான் அந்தக் குற்றத்தின் வழிமுறை. அதை அவர் குற்றமின்மைக்குச் சான்றாக மாற்றுகிறார். வீட்டில் யாரும் கேட்காததை ஒருவன் கேட்கிறான். நீ வயசுக்கு மீறிய அறிவுள்ளவள் என்கிறான். பொதுவான சாட்டிலிருந்து தனிச் செய்திக்கு, அங்கிருந்து தொலைபேசிக்கு நகர்த்துகிறான், அம்மாவிடம் சொல்லாதே, பழைய செய்திகளை அழித்துவிடு என்கிறான், போட்டோ கேட்கிறான், ரகசியம் இருவருக்கும் பொதுவான சொத்தாகிவிட்ட பிறகு, பள்ளிக்குப் பின்னால் வண்டியோடு நிற்கிறேன் என்கிறான். இதில் எந்தப் படியிலும் கயிறு இல்லை, கத்தி இல்லை. பலாத்காரம் தேவைப்படாத அளவுக்கு ஒரு பிள்ளையை வளைத்தெடுப்பதுதான் இந்த ஆள் செய்யும் வேலை. அந்த வேலையை முழுக்கப் பேச்சால் செய்கிறான். டெக்சாஸில் பதினேழு வயதுக்குட்பட்டவர் பாலுறவுக்குச் சம்மதம் தர முடியாது என்று சட்டம் சொல்வது, அவருக்கு ஆசை கிடையாது என்பதற்காக அல்ல. அந்த ஆசையை, தன்னைவிட இருமடங்கு வயதும் பத்துமடங்கு தந்திரமும் உள்ள ஒருவன் பயன்படுத்திக்கொள்ளக்கூடாது என்பதற்காக.

ஆகவே அந்த ஆய்வு அவருக்கு எதிராகத்தான் பேசுகிறது. ஆள் வேஷம் போடுவதில்லை, கடத்துவதில்லை, வெளிப்படையாகக் கேட்கிறான் என்றால், குற்றத்தின் வெளித்தெரியும் பகுதி அந்தக் கேட்பது ஒன்றுதான். அதைச் சட்டம் தொடக்கூடாது என்றால், பிறகு சட்டம் தலையிடக்கூடிய நேரம் எது? ஹோட்டல் அறைக் கதவு மூடிய பிறகா? உண்மையான குற்றம் நடக்கட்டும், அப்புறம் தண்டிக்கலாம் என்று கட்டுரையில் ஓரிடத்தில் சொல்கிறார். அதைத் திரும்ப வாசித்துப் பார்க்கட்டும். நடக்கட்டும் என்று அவர் இவ்வளவு நிம்மதியாக விட்டுக்கொடுப்பது யாருடைய உடலை?

காதலிக்கும் பள்ளிப் பிள்ளைகள் சிறைக்குப் போவார்கள் என்ற பூச்சாண்டியையும் காட்டியிருக்கிறார். 33.021-இலேயே விலக்கு இருக்கிறது: வயது வித்தியாசம் மூன்று ஆண்டுகளுக்குள் இருந்து, மைனரின் சம்மதமும் இருந்தால் அது எதிர்வாதமாக ஏற்கப்படும். பிரிவைக் கடைசிவரை படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

அமெரிக்காவின் இந்த நோய் இங்கே தொற்றிவிடக்கூடாது என்ற எச்சரிக்கையோடு அவர் முடிப்பதைப் பார்த்தபோதுதான் கட்டுரை யாருக்காக எழுதப்பட்டது என்று விளங்கியது. குழந்தைகளை இணைய உறவுக்கு வளைத்து இழுப்பதைக் குற்றமாக்கும் 67பி பிரிவு இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இன் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. வரக்கூடாது என்று அவர் சொல்வது வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டது. தெரியாமல் எழுதினார் என்றால் ஆராய்ச்சியின் லட்சணம் அது. தெரிந்தே எழுதினார் என்றால், டெக்சாஸைக் காட்டி அவர் உண்மையில் தளர்த்தப் பார்ப்பது எந்த ஊர்ச் சட்டத்தை?

கட்டுரை முழுக்க ஒரு நியாயமான வரி இருந்தது, அதையும் அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். அமெரிக்க மத்தியச் சட்டத்தின் 2422(பி) பிரிவு, மைனரைப் பாலுறவுக்குத் தூண்டுவதற்குக் குறைந்தபட்சம் பத்தாண்டுச் சிறை என்கிறது. 2003-இல் ஐந்தாண்டு என்று விதிக்கப்பட்டது 2006-இல் ஆடம் வால்ஷ் சட்டத்தால் இரட்டிப்பானது. பதினாறு வயதுப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பி, பயந்து பாதியில் நிறுத்திய இருபத்தோரு வயதுக்காரனும், வரிசையாகப் பல பிள்ளைகளைச் சிதைத்த நாற்பது வயதுக்காரனும் ஒரே பத்தாண்டில்தான் தொடங்கவேண்டும் என்றால் நீதிபதி எதற்கு? அதைப் பற்றி அவர் முழுக் கட்டுரை எழுதட்டும். கையெழுத்துப் போட நான் வருகிறேன். ஆனால் தண்டனை அதிகம் என்று வாதாட, குற்றம் குற்றம்தான் என்று முதலில் ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கும். அதைத்தான் அவரால் முடியவில்லை.